கரும்பு, இரும்பு, எறும்பு: பிள்ளையின் காதைப் பழக்குவோம்

எழுத்தை அறியுமுன்பே பிள்ளை ஓசையை அறிந்துகொள்கிறது. தாலாட்டைக் கேட்டுக் கண்மூடும் குழந்தைக்கு அதன் பொருள் விளங்குவதில்லை. ஆனால் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதை அதன் காது பிடித்துக்கொள்கிறது. இந்தக் காதைப் பழக்குவது வாசிப்புக்கு நாம் இடும் அடியுரம். இதற்குப் புத்தகமும் கரும்பலகையும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஆகவே வீட்டையும் வயலையும் பாடசாலையையும் விட்டுவந்த குடும்பங்களாலும் இதைச் செய்ய முடியும்.

எமது மக்களுக்கு இதன் தேவை அதிகம். 1990இலும், மீண்டும் 2007, 2008ஆம் ஆண்டுகளிலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் ஊர்கள் இடம்பெயர்ந்தன. மடுவிலும் வன்னியின் உட்பகுதிகளிலும் பலர் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தன. அக்காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் பாடசாலை நாட்களோடு வயலின் சொற்களையும் இழந்தார்கள். வரம்பு, மதகு, வாய்க்கால், களம் என்பவை வயலில் நின்றால்தான் பிள்ளையின் வாயில் வரும். நிவாரண வரிசையில் நின்ற பிள்ளைக்கு அவை எப்படி வரும்? அந்தப் பிள்ளைகளே இன்று தாய் தந்தையராக இருக்கிறார்கள்.

எமது மண்ணின் ஓசை

செய்யுளின் அடிகளில் முதலெழுத்து ஒன்றிவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் எதுகை, ஈற்றோசை ஒன்றிவந்தால் இயைபு என்பர். திருக்கேதீஸ்வரத்தின் மீது சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்கள் எதுகையால் கட்டப்பட்டவை. அதே மாதோட்டத்து மண்ணில் கத்தோலிக்க நாட்டுக்கூத்தும் வளர்ந்தது. மாதோட்டப் பாங்கு என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. விடிய விடிய ஆடும் கூத்தின் பாட்டுக்களை எழுத வாசிக்கத் தெரியாத கமக்காரரும் மனனம் செய்து பாடினார்கள். அண்ணாவியார் ஓரடியைச் சொல்லிக்கொடுக்க, எதுகை அடுத்த அடியை இழுத்துவந்தது. சிறுவர்க்கென்று பாடிய நவாலியூர் சோமசுந்தரப் புலவரும் (1878–1953) ‘கத்தரி வெருளி’ என்று தோட்டத்தையே பாட்டாக்கினார்.

ஆய்வு சொல்வது

இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லினெட் பிராட்லி, பீற்றர் பிறையன்ற் ஆகிய இருவரும் நான்கு, ஐந்து வயதுடைய ஏறத்தாழ 400 பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒத்த ஓசையுள்ள சொற்களை முன்னரே நன்கு பிரித்தறிந்த பிள்ளைகள் பின்னர் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னின்றார்கள். பிந்திநின்ற 65 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, குழுக்களாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் பழக்கினார்கள். ஓசையோடு எழுத்தையும் சேர்த்துப் பழகியவர்களே அதிகம் முன்னேறினார்கள். 1983இல் வெளியான இம்முடிவு ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைப் பற்றியது. தமிழின் எழுத்துமுறை வேறு. ஆயினும் ஓசையைக் கேட்டுப் பிரிக்கும் காது எமது பிள்ளைக்கும் வேண்டும்.

எப்படிப் பழக்குவது?

முதலில் கேட்கச் செய்யுங்கள். ஆடு, மாடு, காடு, வீடு என்று சொல்லிக் கைதட்டுங்கள். நெல், கல், பல், வில் என்று நடந்துகொண்டே சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இது போதும்.

இரண்டாவது, சேராததைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. “குளம், களம், மாடு – இதில் எது சேராது?” என்று கேளுங்கள். இது பழகியபின் “குளம், களம், மரம்” என்று கேளுங்கள். இது சற்றுக் கடினம். தமிழில் எத்தனையோ சொற்கள் ‘அம்’ என்று முடிகின்றன; ஆகவே ஈறு மட்டும் ஒத்தால் போதாது. இரண்டாம் எழுத்தைக் காது தேடவேண்டும். எமது முன்னோர் எதுகையைப் பெரிதாக மதித்ததன் காரணம் இங்கே விளங்கும்.

மூன்றாவது, பிள்ளையே சொல் தேடட்டும். நீங்கள் “கரும்பு” என்றால் பிள்ளை “இரும்பு” என்னும். பிறகு “எறும்பு” என்னும். எறும்பில் வருவது வல்லின றகரம் என்று உடனே திருத்த வேண்டாம். பேச்சில் அவை நெருங்கி ஒலிப்பதைப் பிள்ளை சரியாகவே கேட்டிருக்கிறது. பழத்தைக் குளத்தோடு சேர்த்தாலும் அப்படியே. எழுதப் பழகும்போது அந்த வேறுபாட்டைக் காட்டலாம். சில வேளை “சாடு, நாடு, ஙாடு” என்று இல்லாத சொல்லும் வரும். சிரித்து ஏற்றுக்கொண்டு, “அப்படியொரு சொல் இருக்கிறதா?” என்று கேளுங்கள். ஓசை வேறு, பொருள் வேறு என்பதைப் பிள்ளை அப்போது உணரும்.

நான்காவது, எழுத்து. மணலில் “களம்” என்று எழுதுங்கள். முதலெழுத்தை அழித்து ‘வ’ எழுதினால் வளம். ‘கு’ எழுதினால் குளம். ஓரெழுத்து மாறச் சொல்லே மாறுவதைக் கண்ட பிள்ளைக்கு எழுத்தின் வேலை விளங்கிவிடும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை களைக்குமுன் நிறுத்துங்கள். பிழைவிட்டால் அடிக்கவோ பரிகசிக்கவோ வேண்டாம். ஐந்து வயதாகியும், பல வாரம் பழக்கியும் ஓசை வேறுபாடு பிடிபடாவிட்டால் காதைச் சோதிக்க வேண்டும். காதில் சீழ் வடிந்த பிள்ளைக்கும், வெடிச்சத்தத்தின் அருகே இருந்த பிள்ளைக்கும் செவிப்புலன் குறைந்திருக்கலாம். ‘மக்குப் பிள்ளை’ என்று ஒதுக்குமுன் வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள்.

முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் அம்மம்மா, அப்பப்பாவிடம் அரிவுவெட்டுக் காலத்துப் பாட்டும், நொடியும், வயற்சொற்களும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அவர்களை முன்பள்ளிக்கு அழையுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, அவற்றைக் கொண்டே பிள்ளைகளுக்கு ஓசை பழக்குங்கள். காணிக்கு இன்னும் திரும்பாத குடும்பத்தின் பிள்ளையும் வரம்பு என்றால் நரம்பு என்று சொல்லப் பழகட்டும். வரம்பு என்றால் என்னவென்று அது கேட்கும்போது, பதில் சொல்லப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.