காய்ந்திருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்!

வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் போதும், இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். 'பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டும்மா, அதுக்கு ஈடு எதுவும் கிடையாது' என்பது பாட்டி கட்சி. 'ராத்திரி பத்து தடவை எழுந்து துணி மாத்தப் போறது யாரு?' என்று டயப்பர் பாக்கெட்டைப் பிரிப்பது மருமகள் கட்சி. குழந்தையின் அப்பா செல்போனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். கடைசியில் பஞ்சாயத்து என் மேஜைக்கு வரும். 'நீங்க சித்த வைத்தியராச்சே, துணிதான் நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க' என்று பாட்டி என்னைத் தன் பக்கம் இழுப்பார்.

நான் சட்டென்று எந்தப் பக்கமும் சாய்வதில்லை. துணி எப்படித் தயாராகிறது, டயப்பர் எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொண்டால் எதை எப்போது பயன்படுத்துவது என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம். அதைவிட முக்கியமாக, டயப்பர் உங்களிடமிருந்து எதை மறைக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் பாட்டியின் வேட்டி.

பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. அது தண்ணீரைத் தள்ளும். கொட்டை நீக்கி, சிக்கெடுத்து, நூலாக முறுக்கிய பிறகும் அந்த மெழுகு போவதில்லை. போதாக்குறைக்கு, தறியில் உரசி உரசி அறுந்துவிடாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி வேறு போடுகிறார்கள். ஆகவே தறியிலிருந்து இறங்கும் காடாத் துணியில் மெழுகும் இருக்கிறது, கஞ்சியும் இருக்கிறது. நம்பாதவர்கள் ஒரு விரற்கடை காடாத் துணியை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படகு மாதிரி மிதக்கும்!

ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி என்ற ஊர். பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டும் துணி மிதந்தால் சரிப்படுமா? அதனால் நெய்த துணியின் கஞ்சியை நீக்கி, காஸ்டிக் சோடா கரைசலில் கொதிக்கவைத்து மெழுகை எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றால் வெளுத்து, நன்றாக அலசிய பிறகுதான் அது மருத்துவத் துணி ஆகிறது. மருத்துவப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் 10 நொடிக்குள் மூழ்க வேண்டும் என்று மருந்தியல் நூல்களில் தர அளவே இருக்கிறது.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது, சூரணத்தை வஸ்திரகாயம் செய்யப் புதுத் துணியை எடுத்தால் ஆசிரியர் விடமாட்டார். 'நாலு தடவை கொதிநீர்ல அலசிக்கிட்டு வாப்பா' என்பார். (வஸ்திரகாயம் என்றால் இடித்த மருந்துப் பொடியைத் துணியில் சலித்தெடுப்பது.) கஞ்சியும் மருந்தில் சேர்ந்துவிடக் கூடாதல்லவா?

இப்போது பழைய வேட்டியின் மகிமை புரிகிறதா? ஆலை ஒரே நாளில் ரசாயனம் போட்டுச் செய்யும் வேலையை, தாத்தாவின் வேட்டிக்கு வண்ணான் துறையும் வெள்ளாவியும் பல வருஷமாகச் செய்து முடித்திருக்கின்றன. மெழுகு போயிற்று, கஞ்சி போயிற்று, இழை பூப்போல ஆகிவிட்டது. ஆனால் ஒன்று. இன்றைக்குக் கடையில் வாங்கும் வேட்டிகள் பலவற்றில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் போல எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். அது ஈரம் உறிஞ்சாது. பருத்தித் துணியையும் 'சாஃப்ட்னர்' போட்டுத் துவைத்தால் மறுபடி மெழுகு பூசின கதைதான்.

துணிக்கு ஒரு குறை உண்டு. ஈரத்தைத் தன் இழைகளுக்கு நடுவில் பிடித்து வைக்குமே தவிர, பூட்டி வைக்காது. குழந்தை உட்கார்ந்தால் பிழிந்து வெளியே வந்துவிடும். மாற்றும் வரை ஈரம் தோலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தக் குறைக்கு விடை தேடித்தான் டயப்பர் வந்தது. 1940-களில் அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய், குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, துணிக்கு மேல் போடும் ஈரம் கசியாத உறையைச் செய்தார். பிறகு விக்டர் மில்ஸ் என்ற ரசாயனப் பொறியாளரின் குழு, தூக்கி எறியும் டயப்பரை உருவாக்கியது. அவருக்குத் தூண்டுதல் பேரக்குழந்தைக்குத் துணி மாற்றின அனுபவம் என்பார்கள். (தாத்தாக்களுக்கு ரோஷம் வந்தால் எதையும் செய்வார்கள்!) 1961-ல் 'பாம்பர்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது ஒன்றின் விலை 10 சென்ட். யாரும் வாங்கவில்லை. எந்திரத்தை வேகப்படுத்தி விலையை 6 சென்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதாவது டயப்பரை வீட்டுக்குள் கொண்டுவந்தது எந்திரத்தின் வேகம்தான்.

அந்த எந்திரம் என்ன செய்கிறது? ஒரு கல்யாண மண்டபத்தின் நீளத்துக்கு நிற்கும் வரிசை அது. ஒரு முனையில் கெட்டியான அட்டைச் சுருள் போல மரக்கூழ் நுழைகிறது. பெரும்பாலும் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வளரும் பைன் மரத்தின் கூழ். அதன் இழை நீளமானது. சுத்தியல்கள் சுழலும் அரவை எந்திரம் அதை அடித்துப் பஞ்சாக்குகிறது. அந்தப் பஞ்சோடு சீனி மாதிரி வெள்ளைக் குருணை ஒன்று அளவாகக் கலக்கிறது. காற்றை உறிஞ்சும் உருளையில் இருக்கும் அச்சுக் குழிகளில் இந்தக் கலவை படிந்து மெத்தையாகிறது. மேலே ஒரு விரிப்பு, கீழே ஈரம் கசியாத பிளாஸ்டிக் படலம், தொடைப் பக்கம் இழுத்துப் பிடித்து ஒட்டிய எலாஸ்டிக், இடுப்பில் ஒட்டும் பட்டை... எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடான பசையால் ஒட்டப்படுகின்றன. வெட்டி, மடித்து, கேமரா பார்த்துக் கழித்தது போக மிச்சம் பாக்கெட்டுக்குள் போகிறது. நிமிடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு என்று தள்ளும். அதிவேக எந்திரங்கள் ஆயிரம் வரை போகும். ஊசியும் இல்லை, நூலும் இல்லை, ஒரு தையல்கூட இல்லை!

மேல் விரிப்பைத் துணி என்று நினைக்காதீர்கள். தறியையே பார்க்காத 'நெய்யாத் துணி' அது. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி, இடியாப்பம் பிழிவது போலக் கண் கண்ணான தட்டு வழியாகப் பிழிகிறார்கள். காற்று அதை முடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்து, ஓடும் பெல்ட்டின் மேல் வலை போலப் பரப்புகிறது. சூடான உருளை அழுத்தி ஒட்டவைக்கிறது. ஈரம் அதன் வழியே இறங்கிப் போகும், அதில் தங்காது.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை சானிட்டரி நாப்கின் எந்திரம் செய்த கதையைப் படித்திருப்பீர்கள். ஆரம்பத்தில் அவர் பருத்திப் பஞ்சை வைத்துத்தான் நாப்கின் செய்தார், சரிப்படவில்லை. உள்ளே இருப்பது பருத்தியல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கூழை அரைப்பது, அச்சில் அழுத்துவது, உறை சுற்றுவது, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குவது என்று அந்தப் பெரிய வரிசையின் வேலைகளையே சிறு சிறு எந்திரங்களாகப் பிரித்துவிட்டார். 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, அந்த வெள்ளைக் குருணை என்ன? சோடியம் பாலி அக்ரிலேட் என்ற உப்பு. 1980-களில் டயப்பருக்குள் நுழைந்த இதுதான் ஆட்டத்தையே மாற்றியது. வீட்டில் ஒரு பரிசோதனை செய்யலாம், குழந்தைகள் எட்டாத இடத்தில். புதிய டயப்பர் ஒன்றைக் கிழித்து, பஞ்சை ஒரு கிண்ணத்தில் உதறுங்கள். அடியில் விழும் குருணையின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். ஜவ்வரிசி போலப் பொங்கி நிற்கும். கிண்ணத்தைச் சாய்த்தாலும் சொட்டாது! தூய தண்ணீராக இருந்தால் தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு உறிஞ்சும். அப்புறம் இரண்டு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். பொங்கியது தளர்ந்து நீர்த்துவிடும். உப்பு அதன் சக்தியைக் குறைத்துவிடுகிறது. சிறுநீரில் உப்பு இருப்பதால், அங்கே அது தாங்குவது தன் எடையைப் போல முப்பது, நாற்பது மடங்குதான்.

(சில சமயம் இந்த ஜெல் மணிகள் குழந்தையின் தொடையில் ஒட்டியிருப்பதைப் பார்த்து 'ஐயோ, என்னமோ விஷம்' என்று ஓடி வருவார்கள். தோலில் பட்டால் ஒன்றும் ஆகாது, துடைத்தால் போதும். குழந்தை டயப்பரைக் கடித்துப் பிய்த்து வாயில் போட்டிருந்தால் விரலால் எடுத்துவிடுங்கள். இருமினால், மூச்சுத் திணறினால் உடனே டாக்டரிடம் போங்கள்.)

ஆக, டயப்பர் என்பது ஈரத்தை உங்கள் கண்ணுக்கும் கைக்கும் தெரியாமல் ஒளித்து வைப்பதற்காகவே செய்த பொருள். அந்த வேலையை ரொம்ப நன்றாகவே செய்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் எட்டு மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பேதி. 'கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போச்சு?' என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா பாட்டியைப் பார்த்தார். 'டயப்பர் போட்டிருந்தோம் டாக்டர்... தொட்டுப் பார்த்தா காய்ஞ்சுதான் இருந்துச்சு' என்றார் அந்த அம்மா. டயப்பர் நன்றாக உறிஞ்சியதால் காய்ந்திருந்ததா, குழந்தை சிறுநீரே கழிக்காததால் காய்ந்திருந்ததா? அவருக்கு அது தெரிய வழியே இல்லை. கழற்றிக் கையில் எடுத்தேன். முன்பக்கம் காற்றுப் போல லேசாக இருந்தது. குழந்தையின் நாக்கு வறண்டு, உச்சிக்குழி அமிழ்ந்திருந்தது. கஷாயம் சூரணம் என்று ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினேன். நரம்பு வழியாக நீர் ஏற்றி, மூன்றாம் நாள் சிரித்த முகமாக வீடு திரும்பியது.

ஆகவே தாய்மார்களே, பேதி, வாந்தி, காய்ச்சல் என்றால் அன்றைக்கு டயப்பருக்கு லீவு விடுங்கள். துணி கட்டுங்கள். துவைப்பது கஷ்டம்தான், ஆனால் எத்தனை தடவை நனைந்தது என்று துணி சொல்லிவிடும். பேதி தண்ணீராகப் போகும்போது துணியிலும் இரண்டும் கலந்துவிடலாம். அப்போது வாயையும் கண்ணையும் பாருங்கள். அழும்போது கண்ணீர் இல்லை, வாய் வறட்சி, கண் உள்வாங்கல், துவண்டு தூங்குதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை... இதில் எது தெரிந்தாலும் ஆஸ்பத்திரிதான். வழியிலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

பச்சிளம் குழந்தைக்கும் இதே கணக்கு. பிறந்த ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்தால்தான் பால் போதுகிறது என்று அர்த்தம். 'எனக்குப் பால் பத்தலையோ' என்று தவிக்கும் இளம் தாய்க்கு இதைவிட நல்ல தராசு கிடையாது. முதல் ஒரு மாதம் பகலில் துணியே கட்டச் சொல்வேன். டயப்பர்தான் என்பவர்கள், ஒரு கையில் புதியதையும் மறு கையில் கழற்றியதையும் வைத்து எடை பாருங்கள். நனைந்தால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் கோடு சில டயப்பர்களில் இருக்கிறது, அதையும் கவனியுங்கள்.

அடுத்தது தோல். ஜெல் வந்த பிறகு டயப்பர் புண் முன்னைவிடக் குறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மலத்துக்கு ஜெல் ஒன்றும் செய்யாது. மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் சிறுநீரோடு சேர்ந்தால் இன்னும் வீரியமாகித் தோலை அரிக்கும். பாக்கெட்டில் '12 மணி நேரம்' என்று போட்டிருப்பது கசியாமல் இருப்பதைப் பற்றிய வாக்குறுதி. உங்கள் குழந்தையின் தோலைப் பற்றியதல்ல. மலம் போனால் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் பகலில் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை. பச்சிளம் குழந்தைக்கு இரண்டு மூன்று மணிக்கு. வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் போதும். சிவந்திருந்தால் ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு. அது துத்தநாகம்தான், எங்கள் சித்த நூல்களில் 'நாகம்' என்று வரும் பழைய சினேகிதர். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். புண்ணான தோலில் மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசுவதும் வேண்டாம், எரியும். தொடை மடிப்பில் அடர் சிவப்பும் சுற்றிலும் பொட்டுப் பொட்டும் இருந்தால் அது பூஞ்சை. அதற்கு மருந்து தனி.

'டயப்பர் போட்டால் கால் வளைந்துவிடும்' என்று பாட்டி கட்சி கடைசி அஸ்திரத்தை வீசும். இல்லை பாட்டி. கருப்பைக்குள் மடங்கிக் கிடந்த கால் பிறக்கும்போதே அப்படித்தான் இருக்கும். இரண்டு வயதுக்குள் தானாக நிமிரும்.

பயன்படுத்திய டயப்பரில் மலம் இருந்தால் கழிப்பறையில் தள்ளிவிட்டு, டயப்பரைச் சுருட்டி அதன் பட்டையாலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து தனியாகக் கொடுங்கள். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே பொதிந்துதான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். குப்பையைப் பிரிப்பதும் ஒரு மனிதரின் வெறுங்கைதான். டயப்பரையே கழிப்பறைக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள். கிண்ணத்தில் பொங்கியதைப் பார்த்தீர்களே, அது குழாய்க்குள்ளும் பொங்கும். 'உப்புப் போட்டால் கரையும்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க' என்று எனக்குப் போன் செய்ய வேண்டாம். பஞ்சும் பிளாஸ்டிக்கும் உப்புக்குக் கரையாது. பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.