உங்களுக்குத் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குள் 26 கற்கள்

ஸ்காட்லாந்தின் மீகிள் என்ற சிற்றூரில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றுதான் அருங்காட்சியகம். உள்ளே, அங்கு வாழ்ந்த பண்டைய பிக்ட் மக்களின் காலத்தில் தொடங்கி 10ஆம் நூற்றாண்டு வரை செதுக்கப்பட்ட 26 கற்கள். மிக உயரமான சிலுவைக்கல்லில், சிங்கங்களுக்கு நடுவே ஓர் உருவம். விவிலியத்தின் தானியேல் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஊர் வழக்கோ, ஆர்தர் மன்னரின் மனைவியை விலங்குகள் கிழிக்கும் காட்சி என்கிறது. எவ்வளவு அழகான பிடிவாதம்! இப்படிப்பட்ட கதைகளைக் கேட்க உள்ளூர் பப்பைவிட நல்ல இடமில்லை. சூடாக ஒரு சூப் வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுங்கள்.

கிழக்கே அபர்லெம்னோவில் சாலையோரத்திலேயே செதுக்குக் கற்கள் நிற்கின்றன. பனியும் உறைவும் அரிக்காமலிருக்க, குளிர்காலத்தில் அவற்றை மரப்பெட்டியால் மூடிவிடுவார்கள். ஆகவே கோடையில் போங்கள்.