கட்டுபடியாகுமா? – தறிக்கும் கிணற்றுக்கும் ஒரு கணக்கு

திண்டுக்கல் வட்டாரத்துச் சங்கங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “இதை வாங்கினால் கட்டுபடியாகுமா?” சின்னாளபட்டி நெசவாளர் கேட்பது ஜக்கார்டுப் பெட்டியைத் தூக்கும் மோட்டாரைப் பற்றி, ரெட்டியார்சத்திரத்துக் குடியானவர் கேட்பது ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி. விற்பவரிடம் கேட்டால் விடை எப்போதும் ஒன்றே. ஆகையால் காகிதத்தில் நாமே கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

முதலில் தறி. ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்குவது முழங்காலை வாட்டும் வேலை. அதை மோட்டார் ஏற்றுக்கொண்டால் நெசவும் சற்று விரைவாகும். கணக்கின் பொருட்டுச் சில தொகைகளை உத்தேசமாக வைத்துக்கொள்வோம். மோட்டாரும் பொருத்தும் கூலியும் ரூ. 24,000. மாதம் 8 சேலை நெய்தவர் 10 நெய்கிறார். சேலைக்குக் கூலி ரூ. 1,200. மாதம் ரூ. 2,400 கூடுதல் வரவு; பத்தே மாதத்தில் முதல் திரும்பிவிடும். விற்பவர் சொல்லும் கணக்கு இதுவே. இதில் பொய்யில்லை, விட்டுப்போனவைதாம் அதிகம்.

பன்னிரண்டு மாதமும் சங்கத்தில் பாவு கிடைக்குமா? 9 மாதம் எனக் கொள்வோம். கூடுதல் சேலை 18, கூலி ரூ. 21,600. கூடுதல் சேலைக்குக் கூடுதலாகத் தார் சுற்ற வேண்டும். வீட்டுப் பெண்கள் சுற்றுவதால் அதற்கு விலையில்லை என்று எழுதுவது நம் கணக்குகளில் உள்ள பழைய அநீதி. சேலைக்கு ரூ. 150 வீதம் ரூ. 2,700 கழியும். பழுதுபார்க்க ரூ. 2,400, நூற்றுக்குப் பத்து வட்டியானால் முதலாண்டில் ரூ. 2,400. மிஞ்சுவது ரூ. 14,100. முதல் திரும்ப ஏறத்தாழ 20 மாதமாகும். மின்சாரத்துக்கு நாம் தனியே எழுதவில்லை. கைத்தறி நெசவாளர்க்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தியது.

இது நல்ல ஆண்டின் கணக்கு. சேலைகள் தேங்கி, 5 மாதமே பாவு வந்தால் மிஞ்சுவது ரூ. 5,700 மட்டுமே. முதல் திரும்ப நான்காண்டுக்கு மேலாகும். மோட்டாரின் ஆயுள் ஐந்தாண்டு என்றால் லாபமென்று சொல்ல ஏதுமில்லை. எனவே முதற்கேள்வியை மோட்டார் கடையில் அன்று, சங்க அலுவலகத்திலேயே கேட்க வேண்டும்: இருப்பு எவ்வளவு, கோ-ஆப்டெக்ஸ் எவ்வளவு கொள்முதல் செய்யும், வரும் ஆண்டில் எத்தனை பாவு? ஐம்பது வயது நெசவாளரின் முழங்கால் வலிக்குக் கணக்கில் இடமில்லை என்பதையும் அறிவோம். வலிக்காகவே வாங்குவதில் குற்றமில்லை. லாபத்துக்காக என்று எண்ணிக் கடன் வாங்குவதுதான் தொல்லை.

கிணற்றின் கணக்கு இதனினும் கடுமையானது. நஷ்டம் வந்தாலும் மோட்டார் வீட்டில் இருக்கும். வறண்ட துளையில் எதுவும் இராது. திண்டுக்கல் சமவெளியில் மண்ணுக்கடியில் இருப்பது கடினப்பாறை. அதன் வெடிப்புகளில் மட்டுமே நீர் நிற்கும். துளையிடுவோர்க்கோ அடிக்கணக்கில் கூலி; நீர் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். ஒரு துளைக்கு ரூ. 1,50,000 செலவாகி, இரண்டில் ஒன்றே நீர் தருமென்றால், நீருள்ள கிணற்றின் உண்மை விலை ரூ. 3,00,000. காய்கறியோ முருங்கையோ எத்தனை பருவம் விளைந்தால் அத்தொகை மீளும் என்று பார்க்க வேண்டும்.

இருக்கும் கிணற்றில் கொஞ்சமேனும் நீருள்ளவர், சொட்டுநீர்க் குழாயின் கணக்கை முதலில் போடுவது நலம். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதமும் ஏனையோர்க்கு 75 சதமும், அரசு நிர்ணயித்த அளவுக்குள், மானியம் உண்டு. நம் கைப்பணம் குறைவாதலால் முதல் திரும்பும் காலமும் குறையும்.

பயிர்க்கடனை வாங்கித் துளைக்குச் செலவிடுவோரும் உளர். உரிய நாளில் செலுத்துவோர்க்கு அக்கடனில் வட்டியில்லை. தவணை தவறினால் சலுகை போய்விடும். கிணற்றின் பலன் பல ஆண்டுகளில் வருவது. பயிர்க்கடனோ ஓராண்டுக்குள் தீர வேண்டியது. கிணற்றுக்கென்றால் மத்திய காலக் கடனுக்கே மனுச் செய்க. மனுவுடன் இந்தக் கணக்குத் தாளையும் இணைத்துத் தருக.