ஒரு கல் படுக்கை, ஒரு கட்டில்

போன மாசம் புதுக்கோட்டைப் பக்கம் போனப்போ சித்தன்னவாசல் மலை ஏறினேன். நிறைய பேர் அறிவர் கோயில்ல தாமரைக்குளம் ஓவியத்தைப் பார்த்துட்டுக் கிளம்பிடுவாங்க. நீங்க மேல ஏழடிப்பட்டத்துக்கும் போங்க. பாறையில் தலையணை மாதிரி மேடு விட்டுச் செதுக்கின 17 கல் படுக்கைகள் இருக்கு. சமணத் துறவிகள் தங்கின இடம்.

பெரிய படுக்கையில் ஒரு தமிழ்-பிராமி கல்வெட்டு இருக்கு. சுமார் 2,000 வருஷம் பழசு. எருமைநாட்டில், அதாவது மைசூர்ப் பக்கத்தில், குமுழூரில் பிறந்த ஒருத்தருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை இது. அவ்வளவுதான் செய்தி. வந்தவர் வெளியூர்க்காரர், படுக்க இடமில்லை, இவங்க கல்லைச் செதுக்கிக் கொடுத்திருக்காங்க.

இது சமண இடம். இதைத் தூக்கி நம்ம கணக்கில் எழுதப் போறதில்லை. ஆனா மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்கிற கேள்விகளும் இந்த அளவில்தான் இருக்கு: பசிச்சவனுக்குச் சோறு போட்டியா, அந்நியனை வீட்டுக்குள்ள சேர்த்தியா, நோயாளியைப் போய்ப் பார்த்தியா. மேடையில் எவ்வளவு நேரம் பேசினேன்னு அங்கே யாரும் கேட்கலை.

நம்ம ஊர் உதாரணம் ஐடா ஸ்கடர். அமெரிக்க மிஷனரிக் குடும்பத்துப் பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூணு பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கிற மனைவியைப் பார்க்க வரச் சொன்னாங்க. அப்பாதான் டாக்டர், ஆனா ஆண் டாக்டர் வேண்டாம்னாங்க. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடியறதுக்குள்ள மூணு பெண்களும் இறந்துட்டாங்க. மிஷனரி ஆகவே மாட்டேன்னு இருந்தவர் அதுக்கப்புறம் மருத்துவம் படிச்சுத் திரும்பி வந்தார்.

1900-இல் வேலூரில் அவர் ஆரம்பிச்சது ஒரே ஒரு கட்டில். பிறகு குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்திருந்தவங்களுக்கு மருந்து கொடுத்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்னைக்கு நாம சி.எம்.சி.னு சொல்ற இடத்தின் கதை இதுதான். அந்தப் பெரிய கட்டடங்களைப் பார்த்தா நமக்குக் கை கால் ஓடாது. அதனால நான் அந்த ஒத்தைக் கட்டிலையே நினைச்சுக்குவேன்.

ஏன்னா, என் கதை அசிங்கமானது. எங்க பி.ஜி.யில் பக்கத்து அறைக்கு அசாமிலிருந்து ஒரு பையன் புதுசா வந்தான். அவனுக்கு மூணு நாளா காய்ச்சல். நான் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டிய 'அன்பின் ஊழியம்' தலைப்புக்கு ஸ்லைடு செஞ்சுட்டிருந்தேன். இருமல் சத்தம் கேட்டா வால்யூமைக் கூட்டிக்கிட்டேன்.

நாலாவது நாள்தான் கதவைத் தட்டினேன். கையில் ரசம் சாதப் பொட்டலம், மனசுல கொஞ்சம் பெருமை. அவன் சாப்பாட்டைப் பார்க்கவே இல்லை. கேட்டது போன் சார்ஜர். அவனோடது கெட்டுப்போச்சு, ரெண்டு நாளா அம்மாகிட்ட பேசலையாம். கொடுத்தேன். அவன் பேசி முடிக்கிற வரைக்கும் வெளியே வராண்டாவில் நின்னேன், ரசம் ஆறிக்கிட்டிருந்தது.