உங்களுக்குத் தெரியுமா? புறப்படும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

குயிலாப்பாளையத்து முந்திரித் தோப்பில் நின்றால், தெற்கே சில கிலோமீட்டரில் புதுச்சேரி லாசுப்பேட்டை விமான நிலையம், கிழக்கே கடல். மேலிருந்து பார்க்கும் விமானிக்குச் செம்மண், ஆரோவில் மாத்ரிமந்திரின் பொன் உருண்டை, வங்கக் கடல் மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும். இங்கே வழி தவறவே முடியாது என்று தோன்றும். புதிதாக உரிமம் வாங்கிய விமானிகளின் சறுக்கல் பெரும்பாலும் அந்த நினைப்பில்தான் தொடங்குகிறது. அதுவும் தரையில், மேஜை முன்னால் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்கும்போதே.

★

இந்தியாவில் 17 வயது நிறைந்து, 40 மணி நேரம் பறந்தவர் பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குத் தகுதி பெறலாம். 40 மணி நேரம் ஒரே பருவத்துக்குள் முடிந்துவிடக்கூடும். பங்குனி, சித்திரையில் கற்றவர் ஐப்பசி அடைமழையைக் காக்பிட்டிலிருந்து ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டார்.

★

கோடையில் இந்தக் கரையில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, நண்பகல் வாக்கில் கடற்காற்றாகக் கிழக்குக்கு மாறிவிடும். காலை எட்டு மணி வானிலைக் குறிப்பை வைத்துத் திட்டமிட்டவர், ஒரு மணிக்கு ஓடுபாதைக்கு வரும்போது எதிர்க்காற்று பின்காற்றாகியிருக்கும். பின்காற்று லேசானதுதானே என்று விடுவதற்கில்லை. விமானம் தரையைவிட்டு எழும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்று இருந்தாலே, மேலெழுவதற்குத் தேவையான தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பது விமானிகள் கையாளும் கணக்கு. சிறிய பயிற்சி விமானத்துக்கு அது வெறும் ஐந்தாறு நாட் காற்று. தென்னங்கீற்றை அசைக்கும் காற்று, அவ்வளவுதான்.

★

விமானக் கையேட்டின் அட்டவணைகளுக்கு அடிப்படை, கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்ற சர்வதேசக் கணக்கு. விழுப்புரம் மாவட்டத்தில் 15 டிகிரியை யார் பார்த்தார்கள்? ஒவ்வொரு டிகிரி கூடும்போதும், காற்றின் அடர்த்தியைப் பொறுத்தவரை விமானம் சுமார் 120 அடி உயரத்துக்குத் தூக்கி வைக்கப்பட்டது போலாகிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரி என்றால் 25 டிகிரி கூடுதல். ஏறத்தாழ 3,000 அடி. கடலோரத்தில் நிற்கும் விமானத்தின் இறக்கைக்கும் எஞ்சினுக்கும், பெங்களூரு உயரத்தில் நிற்பது போன்ற மெல்லிய காற்றுதான் கிடைக்கும். ஓடுபாதை அதே நீளம், விமானம் அதே விமானம், எழும்புவது மட்டும் தாமதமாகும். அட்டவணையில் இதற்கான கட்டம் அச்சிட்டே இருக்கிறது. காலைக் குளிருக்கான கட்டத்தைப் பார்த்துவிட்டு மதியம் கிளம்புவதுதான் தவறு.

★

செஸ்னா 172 விமானத்தில் நான்கு இருக்கைகள். ஆனால் எரிபொருளை முழுக்க நிரப்பினால், மீதமிருக்கும் எடை தலா 80 கிலோ கொண்ட மூன்று பேருக்குத்தான் போதும். நான்காவது ஆளுக்கு இடம் உண்டு, எடைக்கு வழியில்லை. நண்பர்களை முதன்முதலாக அழைத்துச் செல்லும் நாளில்தான் இந்தக் கணக்கைப் போடக் கூச்சப்படுகிறார்கள். பெட்டியோடு ஆளையும் தராசில் ஏற்றிப் பார்ப்பதில் கூச்சமே வேண்டாம்.

★

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில் நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோய் இரண்டு எஞ்சினும் நின்றன. தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கான எண்ணுக்குப் பதில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டுவிட்டார்கள். ஏறியதோ பாதிக்கும் குறைவு. கேப்டன் ராபர்ட் பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடரை ஓட்டிய பழக்கம் இருந்தது. கிம்லி என்ற ஊரில், கார் பந்தயத் தளமாகிவிட்ட பழைய விமானப்படை ஓடுபாதையில் இறக்கினார். யாரும் உயிரிழக்கவில்லை. சிறிய விமானத்தின் ஏவியேஷன் பெட்ரோல் 100 லிட்டர் என்பது ஏறத்தாழ 72 கிலோ. அதை 100 கிலோ என்றோ, 100 கிலோவை 100 லிட்டர் என்றோ எழுதிவிட ஒரு நொடி போதும். கேஜ் முள்ளை மட்டும் நம்பாமல், டேங்கில் அளவுகோலை விட்டுப் பார்க்கும் பழக்கம் இன்றும் மாறவில்லை.

★

ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே பறப்பது விமானிகளின் பழைய உத்தி. சென்னையிலிருந்து அப்படி வருபவருக்குத் திண்டிவனம் வரை சிக்கலில்லை. விழுப்புரம் ஜங்ஷனில்தான் சோதனை. சென்னை, திருச்சி, கடலூர் வழியே மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியே காட்பாடி என்று ஐந்து திசைக்குப் பாதை பிரிகிறது. ரயிலில் போகிறவருக்குப் பலகையும் அறிவிப்பும் உண்டு. மேலே இருப்பவருக்கு ஐந்தும் ஒரே மாதிரிக் கோடுகள். புதுச்சேரிக்குப் போக வேண்டியவர் பண்ருட்டிப் பக்கம் இறங்கும் கோட்டைப் பிடித்தால், கடல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே தெற்கே போய்க்கொண்டிருப்பார். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய நேர் கிழக்கு. திசைகாட்டியில் 90 என்று முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தால், ஐந்து கோட்டில் எது என்ற கேள்வியே எழாது.

கடற்கரையைப் பிடித்து வருகிறேன் என்பவருக்கும் வரைபடம் வேண்டும். அந்த வழியில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் மேல் பறக்கத் தடை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் வங்கக் கடல் மேலும் சில பகுதிகள் மூடப்படும். இதையெல்லாம் விமானிகளுக்கு அவ்வப்போது வெளியிடப்படும் நோட்டாம் அறிவிப்பில்தான் பார்க்க முடியும். வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும், பறப்புத் தகவல் மையம் தரும் எஃப்.ஐ.சி. எண்ணும் வாங்காமல் இங்கே கிளம்பவும் முடியாது.

★

திசைகாட்டி முள் காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு டிகிரிதான் விலகும். அதனால் அந்தத் திருத்தத்தைப் போடாமல் விட்டாலும் இங்கே பெரிதாகத் தெரியாது. அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் விலகல் சுமார் 15 டிகிரி. அங்கே 60 மைல் பறந்தால், ஊரைவிட்டு ஏறத்தாழ 15 மைல் தள்ளி நிற்போம்.

★

வானிலைக் குறிப்புகளில் நேரம் நம் கடிகாரப்படி இருக்காது, உலகப் பொது நேரப்படி இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 0630 என்றால் நமக்கு நண்பகல். அவசரத்தில் அந்த அரை மணியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கார்த்திகை மாதம் புதுச்சேரியில் மாலை 5.40 வாக்கில் சூரியன் மறைகிறது. வெளியே பார்த்து ஓட்டும் விதிகளின்படி பறப்பவர், பொதுவாக அதிலிருந்து 20 நிமிடத்துக்குள் தரையில் இருக்க வேண்டும். விட்டுப்போன அரை மணி, அந்த 20 நிமிடத்தை முழுசாக விழுங்கிவிடும். பிறகு கடல் மேல் அடிவானம் தெரியாது; மீன்பிடிப் படகுகளின் விளக்குகளே நட்சத்திரமாகத் தோன்றி, எது மேல் எது கீழ் என்று குழப்பும்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளிப்பார்வையை மறைத்து ஓட்டச் சொன்னார்கள். விமானம் கட்டுப்பாட்டை இழக்க எடுத்த சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

★

போகிப் பண்டிகைக்கு வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் கிடையாது. மார்கழிப் பனியோடு டயர், பழைய பாய் எரிந்த புகை சேர்ந்து, 2018 போகியன்று சென்னை விமான நிலையமே முடங்கியது. ஜனவரி நடுவில் விடியற்காலைப் பறப்புக்குத் திட்டமிடுபவர் பஞ்சாங்கத்தையும் பார்ப்பது நல்லது.

★

வீட்டுச் சுவரில் களிமண் கூடு கட்டும் குளவியை நமக்குத் தெரியும். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயும் அதற்கு ஒரு பொந்துதான். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசில் 189 பேரைப் பலிகொண்ட பிர்ஜென்ஏர் விபத்தில், உறை போடாமல் நின்ற விமானத்தின் குழாயைக் குளவி அடைத்திருக்கலாம் என்பதே வலுவான சந்தேகம்.

★

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் பைகளோடு பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். விமானத்தில் ரேடியோ கிடையாது. ஜூஹுவில் அப்போது ஓடுபாதை என்பது சேற்று நிலம்; மழைக்காலத்தில் அலையேற்றம் வந்தால் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் மழைக்காலம் வந்தால் விமானம், ஆட்கள், சாமான் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு பூனாவுக்கு இடம் மாறிவிடுவார்கள்.