மனைச் செலவும் சத்திச் சிக்கனமும்

டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர் 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த நீர்மின் திட்டம் 1950ஆம் ஆண்டில் இலக்சபானாவில் நிறைவேறிற்று. அன்று மின்னொளி செல்வர் மனைக்குரிய புதுமையாயிருந்தது. இன்று அது சோற்றையும் நீரையும் ஒத்த தேவையாயிற்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடி அத்தேவையின் விலையை யாவர்க்கும் உணர்த்திற்று. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. ஆகத்து மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் உயர்த்தப்பட்டது. பின்னர்க் கட்டணம் ஏறியும் இறங்கியும் வந்துளதாயினும், வீட்டுச் செலவில் சத்தி எங்கே கழிகின்றது என்னும் வினா நீங்கிற்றில்லை.

இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர் முதலில் அறியவேண்டுவது 'அலகு' என்பதன் பொருளை. ஆயிரம் உவாற்று வலுவுடைய கருவி ஒன்று ஒரு மணிநேரம் தொழிற்படின் ஓரலகு செலவாகும். அது 3,600 கிலோயூல் சத்திக்குச் சமம். இவ்வோரலகால் ஆற்றத்தக்க பணிகள் ஒன்றற்கொன்று பெரிதும் வேறுபடுவன. ஆயிரம் இலீற்றர் நீரைக் கிணற்றிலிருந்து பத்து மீற்றர் உயரத்துக்கு ஏற்றுதற்கு வேண்டிய சத்தி ஏறத்தாழ 98 கிலோயூலே. ஓர் இலீற்றர் நீரை 28 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர்தற்கோ ஏறத்தாழ 300 கிலோயூல் வேண்டும். அஃதாவது, ஒரு கேத்தல் தேநீருக்கு நீர் சுடவைக்கும் சத்தி, ஒரு தொட்டி நீரை மும்முறை மேலேற்றப் போதுமானது. நீரிறைக்கும் பம்பி தான் பெறும் சத்தியில் மூன்றிலொரு பங்கையே பயன்படுத்துவதாகக் கொள்ளினும், தொட்டி நிரப்பும் செலவு கேத்தலின் செலவுக்கு ஒப்பாகுமேயன்றி மிகுதல் இல்லை. அசைவும் ஒளியும் மலிவு, வெப்பமே விலையுயர்ந்தது. மின்குமிழை அணைக்குமாறு பிள்ளைகளை இடையறாது கண்டிக்கும் பெற்றோர் பலர், அடுக்களையில் மூடியின்றிக் கொதிக்கும் பானையை நோக்குவதில்லை.

அப்பானையிற் கழியும் சத்தியோ சிறிதன்று. நீர் கொதிநிலையை அடைந்தபின் தீயை எத்துணை பெருக்கினும் திறந்த பானையில் அதன் வெப்பநிலை நூறு பாகைக்கு மேற் செல்லாது. மிகுதித் தீ நீரை ஆவியாக்குதற்கே பயன்படும். அரிசி அதனால் விரைந்து வேகாது. ஓர் இலீற்றர் நீர் முழுவதும் ஆவியாதற்கு ஏறத்தாழ 2,260 கிலோயூல் செலவாகும். அதே நீரைக் கொதிக்கவைத்த செலவினும் இது ஏழரை மடங்கு! ஆதலின் கொதி வந்தவுடன் தீயைத் தணித்து மூடியிடுதல், பொருட்செலவு சிறிதுமின்றி எய்தத்தக்க பெருஞ் சிக்கனமாகும். பயறு, கடலை முதலியவற்றை முன்னிரவிலேயே ஊறவைத்தலும் இவ்வகையினதே. அழுத்தச் சமையற்கலம் ஆவியை உள்ளடக்கி, கொதிநிலையை நூறு பாகைக்கு மேல் உயர்த்துதலால் வேகும் காலத்தைக் குறைக்கின்றது.

விறகடுப்பை இன்னும் கைவிடாத இல்லங்கள் நம் நாட்டில் மிகப் பல. மூன்று கற்களின் மேற் பானை வைத்து எரிக்குங்கால் தென்னம் பாளையும் பனை மட்டையும் தரும் வெப்பத்தின் பெரும்பகுதி பக்கங்களால் வெளியேறிவிடும். பானையைச் சேர்வது சிறு பங்கே. 1980களில் இலங்கையிற் பரவிய 'அனகி' என்னும் மண்ணடுப்பு, தீயைச் சுவருக்குள் அடக்கி, எஞ்சும் வெப்பத்தை இரண்டாம் பானைக்கும் செலுத்துகின்றது. குயவர் கைத்தொழிலாலேயே ஆகும் இவ்வடுப்பு, விலையுயர்ந்த கருவிகள் பலவற்றினும் போற்றத்தக்கது. ஈர விறகை எரித்தலோ, விறகிலுள்ள நீரை ஆவியாக்குதற்கு விறகையே செலவிடுதலாகும். புகையும் அதன் உடன்விளைவு.

ஒளியைப் பொறுத்தவரை, அறுபது உவாற்று இழைக்குமிழ் தான் பெறும் சத்தியிற் பெரும்பகுதியை வெப்பமாகவே வீசிற்று. அதே ஒளியை எட்டு அல்லது ஒன்பது உவாற்று எல்.ஈ.டி. குமிழ் தரும். நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் எரியின், மாதத்துக்கு முன்னதற்கு 9 அலகும், எட்டு உவாற்றுக் குமிழுக்கு 1.2 அலகும் ஆகும்.

இங்கு எச்சரிக்கை ஒன்று உளது. நீராவிப் பொறிகள் திருந்தத் திருந்த இங்கிலாந்தின் நிலக்கரிச் செலவு குறையாது பெருகிற்று என்பதை யெவொன்சு என்னும் பொருளியலறிஞர் 1865ஆம் ஆண்டிற் சுட்டிக்காட்டினார். மனையிலும் இது நிகழ்வதே. குமிழ் சிக்கனமானதென்று கருதி, படலையிலும் முற்றத்திலும் கொல்லையிலுமாக மூன்றினை இரவு பன்னிரண்டு மணிநேரமும் எரியவிடின், மாதச் செலவு 8.64 அலகு, பழைய குமிழொன்று மாலையில் மட்டும் எரிந்த செலவை இது ஏறத்தாழ எட்டிவிடுகின்றது.

மின்விசிறியின் கணக்கும் கவனிக்கத்தக்கது. எழுபத்தைந்து உவாற்று விசிறி எட்டு மணிநேரம் சுழலின் மாதத்துக்கு 18 அலகு. புதிய வகை மின்னோடி பொருந்திய முப்பது உவாற்று விசிறிக்கு 7.2 அலகே. எனினும் கூரை வெம்மையுற்றால் எவ்விசிறியும் வெப்பக் காற்றையே சுழற்றும். நாற்சார் வீட்டின் நடுமுற்றமும், தடித்த சுவரும், தாழ்ந்த தாழ்வாரமும், மேற்குப் பக்கத்து வேம்பும் மின்சாரம் அறியாத முன்னோர் கண்ட குளிர்ச்சிமுறைகள். தகரமும் கொங்கிறீற்றுத் தட்டும் வேய்ந்த இக்கால வீடுகள் அவற்றை இழந்தன. கூரைக்கு வெண்ணிறம் பூசுதல் அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்யும்.

கட்டணமுறையின் இயல்பும் சிக்கனத்துக்குக் காரணமாகின்றது. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயரும் அமைப்பினது. மாதச் செலவு 60 அலகைக் கடந்தால், சிறுநுகர்வோர்க்குரிய சலுகைப் படி நீங்கி, முதலலகு தொட்டே கணக்கு வேறாகும். எனவே 64 அலகு செலவிடும் குடும்பம் குறைக்கும் அந்நான்கு அலகுகள், சராசரி விலையினும் மிகுந்த பயன் தருவன. அந்நான்கும் பெரும்பாலும் எங்குளவெனின், பயன்படாத வேளையிலும் தாங்கியிற் செருகியபடியே கிடக்கும் கருவிகளில். ஐந்து உவாற்று இடையறாது கழியின் மாதத்துக்கு 3.6 அலகாகும்.

இதனைக் கண்டறிதற்கு மின்மானியே போதும். இரவில் எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியின் செருகியையும் சிறிதுநேரம் கழற்றிவிட்டு மானியிலுள்ள சிறு செவ்வொளியை நோக்குக. அலகொன்றுக்கு 1,600 முறை மினுங்குமென மானியின் முகப்பிற் குறித்திருப்பின், நாற்பத்தைந்து செக்கனுக்கு ஒருமுறை மினுங்குதல் ஐம்பது உவாற்று செலவாவதைக் காட்டும். அவ்வாறு மினுங்கினால் ஒவ்வொரு செருகியாகக் கழற்றி மீண்டும் எண்ணிப் பார்க்க, குற்றமுடைய கருவி தானே வெளிப்படும்.