கரித் தட்டை இறக்கினால் நெருப்பு குறையாது

பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் லெம்பா பெர்த்தாம் வீடுகளில் கோழி சுடும் வாசனை வரும். முன்பு இரண்டு செங்கல், நடுவில் கரி, மேலே ஒரு கம்பி வலை என்று வேலை முடிந்தது. இப்போது தங்கும் விடுதிகளும் வீடு மாற்றிப் போகிறவர்களும் கழித்துவிடும் பெரிய பார்பிகியூ அடுப்புகள் மலிவாகக் கைமாறுகின்றன. அவற்றில் ஒரு வகைக்குப் பக்கவாட்டில் கைப்பிடி இருக்கும். அதைச் சுழற்றினால் உள்ளே கரித் தட்டு ஏறும், இறங்கும். நல்ல வசதிதான். ஆனால் பழைய அடுப்போடு அதன் விளக்கப் புத்தகம் வருவதில்லை. கேஸ் அடுப்பின் திருகைப்போல இதையும் நினைத்துக்கொள்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கேஸ் திருகைத் திருப்பினால் நெருப்பே குறைகிறது. இந்தக் கைப்பிடி நெருப்பைத் தொடுவதில்லை. இறைச்சிக்கும் கரிக்கும் உள்ள இடைவெளியை மட்டும் மாற்றுகிறது. தட்டை அடியில் இறக்கிவிட்டாலும் கரி தன்பாட்டுக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். நெருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்றுத் துளைகள். இரண்டும் இரண்டு வேலை. இதைப் பிடித்துக்கொண்டால் அடுப்பின் பாதி ரகசியம் தெரிந்துவிட்டது.

வாங்கும் முன் தட்டில் மூன்று நான்கு செங்கல் வைத்துக் கைப்பிடியைச் சுழற்றிப் பாருங்கள். வெறுந்தட்டு எல்லா அடுப்பிலும் ஏறும். பாரம் வைத்தால்தான் துருப்பிடித்த திருகும் தேய்ந்த பல்லும் காட்டிக்கொடுக்கும். பாதி வழியில் தட்டு நழுவி விழுந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கரி நிறைந்திருக்கும்போது அது நழுவினால் தீப்பொறி காலில் விழும். தட்டு ஒரு பக்கம் சாய்கிறதா என்பதற்கு ஒரு தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தால் போதும். மேல்துரு பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும். ஆணியால் குத்தினால் உள்ளே போகும் இரும்பு உதவாது.

சுடும் கம்பித் தட்டு காணாமல் போயிருந்தால், தோட்டத்தில் கிடக்கும் கோழிக்கூண்டு வலையையோ பழைய ஐஸ்பெட்டியின் தட்டையோ வைத்துவிடுகிறோம். இது கூடாது. கூண்டு வலையில் துத்தநாகம் பூசியிருக்கும். எலுமிச்சையும் புளியும் தடவிய இறைச்சி பட்டால் அது கரைந்து உணவில் சேரும், கடும் சூட்டில் அதன் புகையும் காய்ச்சலை உண்டாக்கும். பழைய ஐஸ்பெட்டித் தட்டுகள் சிலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகப் பூச்சு உண்டு. துருப்பிடிக்காத எஃகுக் கம்பித் தட்டு ஒன்று வாங்கிவிடுவது மேல். கம்பித் தூரிகையால் தேய்த்தால் கடைசியில் ஈரத் துணியால் துடையுங்கள். உதிர்ந்த ஒரு கம்பி இறைச்சியில் ஒட்டித் தொண்டைக்குள் போன கதைகள் மருத்துவமனைகளில் உண்டு.

முதல் நெருப்பில் எதையும் சமைக்காதீர்கள். கரியை நன்றாகப் பற்றவைத்து, தட்டை மேலே ஏற்றி, ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். பழைய எண்ணெய், பூச்சிக் கூடு, முந்தையவர் தெளித்த மருந்து எல்லாம் தீய்ந்து போகும். அப்போதே அடுப்பின் அளவையும் படித்துக்கொள்ளலாம். தட்டைக் கீழிருந்து மேலே ஏற்ற எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மூன்று உயரங்களை வெளிப்புறத்தில் அரத்தால் கீறி வையுங்கள். சுடும் கம்பிக்கு ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று நொடியில் இழுத்துக்கொண்டால் அது கடும் சூடு: சத்தே, மெல்லிய மீன். நான்கு ஐந்து நொடி தாங்கினால் நடுத்தரம். ஏழெட்டு நொடி தாங்கினால் எலும்போடு கூடிய கோழித்தொடை.

கோழித்தொடையில்தான் பலரும் தோற்கிறார்கள். மஞ்சள், செராய், சீனி சேர்த்த மசாலா சீக்கிரம் கருகும். வெளியே கரி, எலும்போரம் இரத்தம். தட்டைக் கீழே இறக்கி அரை மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக வேகவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் மட்டும் மேலே ஏற்றுங்கள். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தால் வெந்துவிட்டது. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்க வேண்டாம், சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும். கைப்பிடியை நான்கு சுற்று இறக்குங்கள். அர்ஜென்டினாவிலும் கலிபோர்னியாவின் சாந்தா மரியாவிலும் கரியை அசைக்காமல், சக்கரம் சுழற்றி இறைச்சித் தட்டையே தூக்குவார்கள். கணக்கு ஒன்றுதான்.

கரி எது என்பதும் முக்கியம். பேராக் மாத்தாங்கின் சதுப்புநிலக் காடு சுமார் 40,000 ஹெக்டர். 1902 முதல் முறையாகப் பராமரிக்கப்பட்டு, 30 ஆண்டுக்கு ஒரு சுற்றாக மரம் வெட்டப்படுகிறது. அந்த பாக்காவ் மரத்தைத்தான் கோலா செப்பேத்தாங் சூளைகளில் கரியாக்குகிறார்கள். கெட்டியானது, நீண்ட நேரம் நிற்கும். ஆனால் நம் மலை ஈரத்தை எந்தக் கரியும் உறிஞ்சும். மூட்டையைச் சிமெண்டுத் தரையில் போடாமல் மூடிய வாளியில் வைத்தால் பற்றவைக்கப் பெட்ரோல் தேடும் நிலை வராது. முட்டை அட்டை போதும்.

இனித்தான் முக்கியமானது. மழை தூறும், இரவில் குளிர் 15 டிகிரி அளவுக்கு இறங்கும், சாப்பாடு முடிந்திருக்கும், தட்டில் கரி சாம்பல் பூத்துச் சிவந்து கிடக்கும். புகை இல்லை, சுவாலை இல்லை. தட்டை அடியில் இறக்கி, துளைகளை மூடி, கதகதப்புக்காக அடுப்பை வீட்டுக்குள் தள்ளிவிடத் தோன்றும். கைப்பிடியைப் பற்றி மேலே சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள்: கரி இன்னும் எரிகிறது. துளைகளை மூடியதால் காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிகிறது. அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் உயிர்வாயு ஏறவேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. 2024-இல் தமிழ்நாட்டின் கொடைக்கானலில், நம்முடையதைப் போன்ற குளிர்மலையில், பார்பிகியூ அடுப்போடு அறையில் தூங்கிய இருவர் காலையில் இறந்து கிடந்தார்கள்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. பக்கங்கள் மூடிய காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரமும் அறைதான்; அங்கே பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும் பயமும் கூடுதல். அடுப்பு இருக்கும் இடத்தில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம் வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் எல்லாரும் வெளியே வாருங்கள், 999-ஐ அழையுங்கள்.

மிச்சக் கரியை இரும்பு வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கிளறி, வெளியிலேயே விடுங்கள். சாம்பலுக்கடியில் கரி மறுநாள் வரை உயிரோடு இருக்கும். குப்பைத் தொட்டியில் போட்டால் தொட்டி உருகும். காலையில் தட்டையும் தட்டித் துடைத்து வையுங்கள். ஈரச் சாம்பல்தான் கரித் தட்டையும் திருகையும் அரிப்பது.